ஒன்றரை ஷிப்ட் வயிறு

வயிற்றைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுக்குக் குறைவில்லை. பசியை எழுதியிருக்கிறோம், பஞ்சத்தை எழுதியிருக்கிறோம், விருந்தையும் அம்மாவின் கைமணத்தையும் சலிக்கச் சலிக்க எழுதியிருக்கிறோம். உண்டது தொண்டைக்குக் கீழே இறங்கிய பிறகு நடப்பதை மட்டும் மருத்துவர்களிடம் விட்டுவிட்டோம். இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது நண்பர்கள் தங்கள் சர்க்கரையைப் பற்றியும் ரத்த அழுத்தத்தைப் பற்றியும் கவலையோடு, சற்றுப் பெருமையோடும்கூட, பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். மலம் என்ற சொல்லை மட்டும் ஒருவரும் எடுப்பதில்லை. இந்தக் கட்டுரையில் அந்தச் சொல் சில இடங்களில் வரும். முகம் சுளிப்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

எனக்கு ஐ.பி.எஸ். இருக்கிறது. தமிழில் இப்படி எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. முதன்முதலில் என் மாமனாரிடம், "டாக்டர் ஐ.பி.எஸ்.னு சொல்லிட்டாருங்க மாமா" என்றபோது அவர், "டாக்டரு எதுக்குங்க மாப்ள போலீசு பரீட்சை எழுதுனாரு?" என்று கேட்டார். 'எரிச்சல் கொண்ட குடல்' என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். அதுவும் பொருந்தவில்லை. தமிழில் வயிற்றெரிச்சல் என்றால் ஒன்று அமிலம், இல்லையென்றால் பொறாமை. இந்த நோய்க்கு இரண்டோடும் சம்பந்தமில்லை. ஆங்கிலப் பெயர் சொல்லவருவது தொட்டாற்சிணுங்கித்தனத்தை. சிறு காரணத்துக்கும் பொங்கியெழும் சுபாவத்தை. 'முன்கோபக் குடல்' என்பது என் பரிந்துரை. யாரும் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை என்பதும் தெரியும். சித்த மருத்துவ நூல்கள் குன்மம், கிராணி என்று பிரித்துச் சொல்லும் நோய்களின் சில குணங்கள் இதோடு ஒத்துப்போகின்றன. ஆனாலும் ஒன்றுக்கு ஒன்று சமம் என்று சொல்லிவிட முடியாது.

இருபத்தைந்து ஆண்டுகளாகத் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவன் நான். இந்த நோய்க்கு மருத்துவம் சொல்லும் வழிகள் அனைத்தும் சரியானவை என்பதையும், அவற்றை எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அதற்கு நேரெதிரான வரிசையில்தான் இந்த ஊர் செய்துகொண்டிருக்கிறது என்பதையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். இதில் என் பங்கு ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாக இராது.

*

2003-ஆம் ஆண்டு. நான் ஒரு கம்பெனியில் புரொடக்சன் சூப்பர்வைசர். பல்லாண்டுகளாக இருந்துவந்த கோட்டா முறை 2005 ஜனவரியோடு முடியப்போகிறது, ஆர்டர்கள் கொட்டப்போகின்றன என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு லைனிலும் எத்தனை பீஸ் ஏறுகிறது என்பதை மணிக்கு ஒருமுறை கரும்பலகையில் எழுத வேண்டும். குறைந்தால் காரணமும் எழுத வேண்டும். ஆட்கள் அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்பது நான் கண்டுபிடித்த காரணம். அதற்கு ஒரு தீர்வையும் நானே கண்டுபிடித்தேன். லைனுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. கழிவறைக்குப் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்து ஆணியில் மாட்டிய பிறகுதான் அடுத்தவர் எழலாம். ஒரு லைனில் நாற்பது பேர். அட்டையை வாங்கிவந்து ஆணி அடித்தவன் நான்தான். முதலாளி என்னைப் பாராட்டினார்.

தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பேட்லாக் டெய்லர் அந்த லைனில் இருந்தார். கை சுத்தமானவர், அவர் தைத்த கழுத்துப்பட்டி செக்கிங்கிலிருந்து திரும்பி வந்ததே இல்லை. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் பதினோரு மணி டீக்குள் மூன்று முறை அட்டையை எடுப்பார். நான் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன்: 11 நிமிடம், 9 நிமிடம், 14 நிமிடம். ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "வயிறு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க சார்" என்றார். "அப்ப வீட்லயே உக்காந்துக்கங்க" என்றேன். சுற்றிலும் கைமடிப் பெண்கள் சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை சம்பளத்தோடு கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வாந்தியும் பேதியும் வந்தது. ஐந்து நாளில் குணமானது. வயிறு மட்டும் பழைய வயிறாகத் திரும்பவில்லை.

இப்படி ஆவது அபூர்வமல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். குடல் தொற்றுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, கிருமி போன பிறகும் குடலின் இந்தக் கோபம் தங்கிவிடுகிறது. 2000-ஆம் ஆண்டில் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் குடிநீரில் கிருமி கலந்து ஊரே நோயுற்றது. அந்த மக்களை மருத்துவர்கள் எட்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். நோயுற்றவர்களில் கணிசமானவர்களுக்கு அப்போதும் வயிறு சரியாகியிருக்கவில்லை. லாரித் தண்ணீரும் உப்பேறிய போர்த் தண்ணீரும் குடித்து வளர்ந்த ஒரு தொழில்நகரம் இந்தச் செய்தியை வேற்றூர்க் கதையாக ஒதுக்கிவிடக் கூடாது. சாயம் நொய்யலுக்குச் செய்ததை சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998-லேயே நாவலாக்கிவிட்டது. சாயத்தைப் போலக் கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு நாவல் கிடைப்பது கடினம்தான்.

*

நோயின் இலக்கணம் எளிமையானது. 2016-இல் வகுக்கப்பட்ட நான்காவது 'ரோம்' வரையறையின்படி, கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்குச் சராசரியாக ஒருநாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு, போகும் தடவைகளில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. எந்த ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. இந்தியக் குடலியல் மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பொதுமக்களில் 4.2 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. அந்தக் கணக்குப்படி, ஐந்நூறு பேர் வேலைசெய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தொரு பேர். மேலைநாடுகளில் பெண்களே அதிகம் இந்நோயோடு மருத்துவரிடம் வருகிறார்கள். இந்திய மருத்துவமனைகளிலோ ஆண்களே அதிகம். நம் பெண்களின் குடல் உறுதியானது என்று இதற்குப் பொருள் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் வரும் துன்பம் நோயைவிடப் பெரிது. "உங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்ற வாக்கியத்தை நான் குறைந்தது நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன். அதில் இருவர் மருத்துவர்கள். 1973-இல் ரிட்சி என்ற மருத்துவர் நோயாளிகளின் பெருங்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். மற்றவர்கள் பொருட்படுத்தாத அதே அளவுக் காற்றில் இவர்கள் வலியால் துடித்தார்கள். வாயு எல்லோருக்கும் உண்டு, அதை வலியாக உணரும் நரம்புதான் இவர்களுக்குக் கூர்மையாக இருக்கிறது. இன்னொரு சோதனை இன்று யாரும் செய்யத் துணியாதது. 1940-களில் அமெரிக்க மருத்துவர் ஆல்மி, தாமாக முன்வந்த ஒரு மருத்துவ மாணவரின் குடலைக் கருவி வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புற்றுநோய் இருப்பதாகத் தோன்றுகிறது என்று பொய் சொன்னார். கண்ணெதிரே குடல் சிவந்து இறுகியது. பொய் என்று சொன்ன பிறகு தளர்ந்தது. 'மனசுதான்' என்று சொல்பவர்கள் ஒருவகையில் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த மனசு குடலின் சுவரில் வந்து நிற்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கப்பல் தேதிக்கு முந்தின இரவு என் குடல் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஓர் எச்சரிக்கை. மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அது முன்கோபக் குடல் அல்ல என்று எடுத்துக்கொண்டு உடனே பரிசோதிக்க வேண்டும். குடல் காசநோய் இன்னும் இருக்கும் நாட்டில் இதில் அலட்சியம் கூடாது.

*

எனக்குக் கிடைத்த முதல் மருந்துச்சீட்டின் அடியில் மூன்று வரிகள் இருந்தன: காரம் குறைக்கவும். நேரத்துக்குச் சாப்பிடவும். டென்ஷன் வேண்டாம். மூன்றையும் நான் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மூன்றாவது வரியில் அவள் சிரித்துவிட்டாள்.

இந்த ஊரின் நேரம் வேறு. காலை எட்டரைக்கு மெஷின் ஓடத் தொடங்கினால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். அத்தோடு யாரும் எழுந்து போவதில்லை. இரவு எட்டரை வரை இருப்பதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் சென்னையில் நிறைவேறி, பெரும் எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தொலைக்காட்சியில் அந்த விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்து வீட்டு ஓவர்லாக் டெய்லருக்கு, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. காலையில் பாதி இட்லி, பதினோரு மணிக்கு டீயும் வடையும், மதியச் சாப்பாடு அரைமணி நேரத்தில், நான்கு மணிக்கு டீயும் பன்னும், ஏழு மணிக்கு இன்னொரு டீ, வீட்டுக்குப் போகும் வழியில் பரோட்டா. சனிக்கிழமை இரவு கூலி கைக்கு வந்ததும் கறி. இதுதான் இந்த ஊரின் உணவு அட்டவணை. முன்கோபக் குடலுக்கு எதிராக யாராவது சதிசெய்து எழுதியிருந்தால்கூட இதைவிடத் துல்லியமாக எழுதியிருக்க முடியாது.

ஏனென்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். சிறுகுடல் சரியாக உறிஞ்ச முடியாத சிலவகைச் சர்க்கரைகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவாக்குகின்றன. இவற்றுக்கு அவர்கள் 'ஃபோட்மேப்' என்று பெயரிட்டார்கள். கோதுமை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றில் ஒருவகை, பருப்பு, பயறு, கடலை வகைகளில் ஒருவகை, பாலில் ஒருவகை, மாம்பழம், ஆப்பிள், தேனில் ஒருவகை, காளானிலும் காலிபிளவரிலும் மற்றொரு வகை. மைதா பரோட்டா, வெங்காயம் தூக்கலான சால்னா, பேக்கரி பன், நாளுக்கு ஐந்தாறு பால் டீ, கடலைப்பருப்பு வடை என்று இந்தப் பட்டியலை இந்த ஊர் மனப்பாடமாக உண்கிறது. தென்னிந்தியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டியல் என் வீட்டில் உண்டாக்கிய கலவரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொங்குச் சமையலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் பருப்பையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாத்திரம்தான். அரிசிம்பருப்புச் சோறு இல்லை, கொள்ளுப் பருப்பு இல்லை, பச்சைப்பயறு கடைசல் இல்லை, தட்டைப்பயறுக் குழம்பு இல்லை. மாமியார் ஊரிலிருந்து வந்து அரிசிம்பருப்பு ஆக்கி, நெய் ஊற்றி வைத்தார். நான் தொடவில்லை. மாப்பிள்ளைக்குத் தன் கை பிடிக்கவில்லை என்று அவர் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்.

மெல்ல மெல்லச் சில வழிகள் பிடிபட்டன. இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டை எண்ணெயில் நன்றாக வதக்கி, பொன்னிறமானதும் எடுத்தெறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் இருக்கும், தொல்லை இராது. குழம்பில் கொதிக்கவிட்டு எடுத்தெறிவது பயன்படாது. அதற்குள் எல்லாம் தண்ணீரில் இறங்கியிருக்கும். எண்ணெயை அன்றன்றைக்குச் செய்ய வேண்டும், பாட்டிலில் சேர்த்துவைப்பது ஆபத்து. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. பருப்பை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்தால் சிறு கரண்டி அளவுக்குத் தாங்கும். அரிசிச் சோறு, சந்தகை, ராகி, மீன், முட்டை, கோழி, கேரட், பீன்ஸ், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பப்பாளி, ஆரஞ்சு எல்லாம் உண்டு. என் வயிறு இட்லியை ஏற்றுக்கொண்டது, சாம்பாரை மறுத்தது. பெருங்காயம் நல்லது, ஆனால் கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கிறது என்பதை டப்பாவின் பின்புறம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதில் பலரும் செய்யும் தவறை நானும் செய்தேன். இந்த உணவுமுறை மூன்று கட்டங்கள் கொண்டது. விலக்கிவைப்பது இரண்டிலிருந்து ஆறு வாரங்கள் மட்டுமே. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது ஆகும், எது ஆகாது, எவ்வளவு ஆகும் என்று பார்க்க வேண்டும். கடைசியில் அவரவர் வயிற்றுக்கேற்ற பட்டியலோடு வாழ வேண்டும். எனக்கு முதல் கட்டத்தைச் சொன்னவர் மற்ற இரண்டையும் சொல்லவில்லை. பதினான்கு மாதம் பருப்பே இல்லாமல் இருந்தேன். பேதி குறைந்தது, உடம்பும் குறைந்தது. திரும்பச் சேர்த்துப் பார்த்தபோதுதான் பருப்பு எனக்குப் பெரிய எதிரி அல்ல, கோதுமையும் பாலும்தான் என்று தெரிந்தது. மாமியாரின் அரிசிம்பருப்பு, வெங்காயம் குறைத்து, மறுபடியும் இலைக்கு வந்தது. உணவியல் தெரிந்த ஒருவரின் துணையோடு செய்திருந்தால் அந்தப் பதினான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2008-இல் சொன்ன முதல் படி மிக எளிது: வேளை தவறாமல், அவசரமின்றிச் சாப்பிடு, நீண்ட இடைவெளி விடாதே, டீயும் காப்பியும் நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடி. பலருக்கு இதுவே போதும். திருப்பூரில் இந்த எளிய படியில்தான் வழுக்குகிறது. வேளை, அவசரம், இடைவெளி மூன்றும் மெஷினில் உட்கார்ந்திருப்பவரின் கையில் இல்லை. தண்ணீர் நிறையக் குடி என்று ஒரு பெண் டெய்லரிடம் சொன்னால், குடித்தால் போக வேண்டியிருக்கும் என்பார். அதற்காகவே காலையிலிருந்து மாலை வரை ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளும் பெண்களை நான் அறிவேன். பேதிக்காரர்கள் இன்னொரு உபாயம் வைத்திருக்கிறார்கள். காலையும் மதியமும் சாப்பிடுவதே இல்லை, இரவில் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். குடலுக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. ஆனால் மாலை வரை மானம் காக்கப்படும்.

*

வேளையும் கழிவறையும் கிடைக்காத இடத்தில் மாத்திரை முதலில் வருகிறது. மெடிக்கல் கடையில் 'வயிறு சரியில்லை' என்று சொன்னால் போதும், நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துத் தாளில் மடித்துத் தருவார்கள். எனக்கு நான்கு முறை அமீபாவுக்கு மருந்து கொடுத்தார்கள். ஒருமுறைகூட மலப் பரிசோதனை செய்யவில்லை. தேவையற்ற ஆன்டிபயாட்டிக் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்து அழித்துவிட்டுப் போகும்.

மருந்துகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. சரியான மருந்து சரியான ஆளுக்குப் பெரும் உதவி. குடல் இறுக்கத்தைத் தளர்த்த டைசைக்ளோமின், மெபவெரின், குடலில் போய்க் கரையும் புதினா எண்ணெய்க் குளிகை, பேதிக்கு லோபராமைடு, பேதி, சிக்கல் இரண்டுக்கும் இசப்கோல். நார்ச்சத்து நல்லது என்று கேட்டுக் கோதுமைத் தவிட்டைத் தின்றவர்களுக்கு வயிறு உப்பியதுதான் மிச்சம். இசப்கோலின் கரையும் நார் வேறு, தவிட்டின் கரையாத நார் வேறு. அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்து, இங்கிலாந்தில் 463 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2023-இல் 'லான்செட்' இதழில் வந்தது. பத்து மில்லிகிராமில் தொடங்கி முப்பது வரை; வெற்று மாத்திரையைவிடத் தெளிவாக நல்ல பலன். இங்கே அது மனச்சோர்வுக்காகக் கொடுக்கப்படவில்லை, வலியைக் கடத்தும் நரம்பை மட்டுப்படுத்தவே கொடுக்கப்படுகிறது. அதைச் சொல்லாமல் எழுதிக் கொடுத்தால், 'பைத்தியத்துக்கான மாத்திரை' என்று மெடிக்கல் கடைக்காரர் சொன்னதோடு நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்திய இருவரைத் தெரியும். இதற்கு நேர்மாறாக, குளோர்டயசிபாக்சைடு கலந்த வயிற்று மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கி விழுங்குகிறவர்கள் அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து என்பதை அறிவதில்லை.

மருத்துவர் பேசுவதே ஒரு மருந்து என்பதற்கு ஒரு விசித்திரமான சான்று உண்டு. ஹார்வர்டின் டெட் காப்சக் 2010-இல் இதே நோய் கொண்ட 80 பேரில் ஒரு பகுதியினருக்கு வெற்று மாத்திரை கொடுத்தார். இது வெற்று மாத்திரைதான் என்று சொல்லியே கொடுத்தார். மூன்று வாரத்தில், ஒன்றும் கொடுக்கப்படாதவர்களைவிட அவர்கள் தேறியிருந்தார்கள். உட்கார வைத்து விளக்கிச் சொன்னதற்கு அதில் பங்கிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கொடுக்கும் நம் மருத்துவமனைகளில் அந்த மருந்துக்குத்தான் தட்டுப்பாடு.

வேலைத்தளத்தில் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதை 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் எழுதினார்கள். தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசியபோது, மாதவிலக்கு வலிக்கு வேலையிடத்தில் பெயர் ஒட்டாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டது தெரிந்தது. வலியோடு எழுந்து போவதைவிட வலியின்றி உட்கார்ந்திருப்பது உற்பத்திக்கு நல்லது. அத்தகைய வலிநிவாரணிகள் வயிற்றைப் புண்ணாக்கும் என்பது வேறு கணக்கு. அது எந்தக் கரும்பலகையிலும் ஏறாது.

*

திருப்பூரைப் பற்றி சரத் சாரி 2004-இல் எழுதிய ஆய்வுநூல், விவசாயத்திலிருந்து வந்து முதலாளிகளானவர்கள் தங்கள் உயர்வுக்குக் காரணமாகச் சொல்வது உழைப்பை மட்டுமே என்பதை விரிவாகப் பேசுகிறது. அது வெறும் பெருமையல்ல. என் முதலாளியே மெஷினில் உட்கார்ந்து தைத்தவர். 'நான் உக்காந்தேன், அவனுக்கு உக்கார முடியாதா' என்ற கேள்வி அவரிடம் உண்மையாகவே இருந்தது. இந்த ஊரின் சிக்கல் அதுதான். கொடூரமானவர்கள் இங்கே குறைவு. தன் உடம்பை அளவுகோலாகக் கொண்டு பிறர் உடம்பை அளப்பவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் அளந்தேன், என் குடல் என்னைக் கைவிடும் வரை.

சட்டம் இதை அறியாததல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 19-ஆம் பிரிவில், தொழிலாளர்கள் தொழிற்சாலையில் இருக்கும் எல்லா நேரமும் கழிவறை அவர்கள் போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் வந்துவிட்டது. நாற்பது பேருக்கு ஓர் அட்டை மாட்டியபோது நான் அந்தப் பழைய பிரிவை மீறிக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. பையர் அனுப்பும் ஆடிட்டர்களும் கழிவறைகளை எண்ணினார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று பார்த்தார்கள். ஆணியில் தொங்கிய அட்டையை அன்றைக்கு நாங்கள் கழற்றி வைத்திருந்தோம்.

பிற்பாடு மெர்ச்சண்டைசிங்குக்கு மாறிக் காஸ்டிங் போடத் தொடங்கியபோது ஒன்று தெரிந்தது. ஒரு டீ சட்டை தைக்க எத்தனை நிமிடம் என்று கணக்கிடும்போது, தைக்கும் நேரத்தோடு உடம்பின் தேவைகளுக்கென்று ஒரு விழுக்காடு சேர்ப்பது தொழில்நுட்ப வழக்கம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வுப் பாடநூல் ஆண்களுக்கு 5 விழுக்காடு, பெண்களுக்கு 7 விழுக்காடு என்று தருகிறது. களைப்புக்கு இது போகத் தனியாக உண்டு. எட்டு மணி நேரத்துக்கு 480 நிமிடம். 5 விழுக்காடு என்றால் 24 நிமிடம், 7 என்றால் முப்பத்துமூன்றரை. அந்த நிமிடங்களின் விலையை நாங்கள் காஸ்டிங்கில் ஏற்றித்தான் பையரிடம் கேட்கிறோம். பழைய நோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தாராபுரத்துக்காரரின் மூன்று பயணமும் சேர்ந்து 34 நிமிடம். அவர் களைப்புக்கென்று எழுந்ததே இல்லை. ஆக, பையர் காசு கொடுத்த நேரத்துக்குள்தான் அவர் போய்வந்திருக்கிறார்.

2021-இல் தமிழகச் சட்டமன்றம் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கொடுத்தது. நல்ல சட்டம். எங்கள் ஆட்கள் நாளெல்லாம் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேவை எழும் உரிமை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், குடல்நோய் கொண்ட ஒரு சிறுமிக்கு ஒரு கடையில் கழிவறை மறுக்கப்பட்டதால், மருத்துவச் சான்று வைத்திருப்பவர்களுக்குக் கடைக்காரர்கள் தங்கள் கழிவறையைத் திறந்துவிட வேண்டும் என்று 2005-இல் சட்டமே வந்தது. அவ்வளவு வேண்டாம். லைனில் ஆள் எழும்போது பதிலுக்கு உட்கார ஒரு மாற்று டெய்லர், அரைமணிக்குப் பதில் முக்கால் மணி மதிய இடைவேளை, பதினோரு மணிக்குப் பால் டீயோடு கஞ்சியோ சுக்குத் தண்ணீரோ ஒரு தேர்வாக, கம்பெனி மருத்துவ முகாமில் சர்க்கரையோடு வயிற்றையும் பற்றி ஒரு கேள்வி. இவற்றில் எதற்கும் ஒரு டீ சட்டையின் விலையில் கண்ணுக்குத் தெரியும் அளவு செலவு இல்லை. நான் இப்போது இருக்கும் கம்பெனியில் மாற்று டெய்லர் ஏற்பாட்டை மூன்று மாதச் சோதனையாக ஒரு லைனில் ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். டீயைப் பற்றிய கோரிக்கைக்குத்தான் எதிர்ப்பு அதிகம், அதுவும் தொழிலாளர்களிடமிருந்து.

போன வருடம் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த துணி என்ன ஆயிற்று என்று பார்க்க காங்கேயம் சாலைப் பக்கம் ஒரு பவர் டேபிளுக்குப் போனேன். வீட்டின் முன்னறையில் ஆறு மெஷின். கதவைத் திறந்தவர் தாராபுரத்துக்காரர். தலை நரைத்திருந்தது, என்னைவிட அவர் சுலபமாக அடையாளம் கண்டுகொண்டார். என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றேன்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க சார், வீட்லயே உக்காந்துட்டன்" என்று சிரித்தார். பின்கட்டைக் காட்டி, "பாத்ரூம் பக்கத்துலயே இருக்குதுங்க" என்றார்.

உள்ளே திரும்பி டீ வைக்கச் சொன்னவர், சட்டென்று நினைவு வந்தாற்போல, "பால் ஊத்தலாங்களா?" என்று கேட்டார். வேண்டாம், எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்களுக்குமாங்க சார்?" என்றார்.

வரட்டீ வந்தது. இருவரும் குடித்தோம்.